டைல்ஸ் கடை அப்புறம், முதலில் மொட்டை மாடி

வீட்டைக் கொஞ்சம் ஆல்டர் பண்ணலாம் என்று முடிவானதும் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் காரியம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குப் போவது. நானும் அதைத்தான் செய்தேன். திருச்சியில் அப்பா 1987இல் கட்டிய வீடு, கீழ்த்தளம் மட்டும், 11 சதுரம் (ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி, மேஸ்திரிகள் கணக்கை எல்லாம் சதுரத்தில்தான் சொல்வார்கள்), மொசைக் தரை, 9 அங்குலச் செங்கல் சுவர். பளபளவென்று ஒரு வெள்ளை டைல்ஸைப் பிடித்து ஹாலில் போட்டு, சுவருக்குப் பெயின்ட்டும் அடித்து முடித்தோம். அந்த ஐப்பசியில் சீலிங்கிலிருந்து ஒரு கான்கிரீட் சில்லு பெயர்ந்து விழுந்து புது டைல்ஸில் இரண்டு போயிற்று. சீலிங்கைக் கொத்தினால் ஒயரெல்லாம் வெளியே வந்தது, ஒயரை மாற்றச் சுவரில் காடி (நீளமான பள்ளம்) வெட்டினால் புதுப் பெயின்ட் போயிற்று. ஒரே ஹாலுக்கு இரண்டு தடவை காசு.

அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய வீட்டு வேலையில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் காசு மிச்சமாகிறது. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது கடைசியில். சுவருக்கு உள்ளே போவது முதலில், சுவர் மேல் ஏறுவது கடைசியில். இது 25, 30 வயதான தனி வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் அனுமதி, மேல்வீட்டுக்காரர், பொதுக் குழாய் என்று கதையே வேறு.

மழைக்காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டை நீங்களே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், முடிந்தால் நல்ல மழை பெய்து முடித்த மறுநாள். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஒரு நோட்டு, பென்சில், டார்ச், தட்டிப் பார்க்க ஒரு மரக்கட்டை, போனில் கேமரா, இவ்வளவு போதும்.

மொட்டை மாடியிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, தட்டோடுகளுக்கு நடுவில் இருக்கும் பூச்சு போய்விட்டதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் விரிசல் இருக்கிறதா, எங்கேயாவது அரசங்கன்று முளைத்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எப்போதும் ஈரமா, எல்லாவற்றையும் எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இடத்துக்கு நேர் கீழே வந்து சீலிங்கைப் பாருங்கள். பழுப்புக் கறை ஒரு விஷயம், கம்பி போகிற கோட்டிலேயே நீளமாக ஒரு விரிசல் ஓடினால் அது இன்னும் பெரிய விஷயம். ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டையால் தட்டுங்கள். கெட்டியாக இருக்கும் இடத்தில் சத்தம் ஒரு மாதிரி இருக்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்துப் பொத்தென்று கேட்கும், ஒருமுறை கேட்டால் காது பழகிவிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி வீட்டில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருஷக்கணக்கில் காற்றில் இருக்கும் கரியமில வாயு உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும், மேலிருந்து தண்ணீரும் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கிற பொருள், அதற்கு இடம் போதாமல் அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். அதனால் விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி மேலே பெயின்ட் அடிப்பது, காய்ச்சலுக்கு பவுடர் போடுகிற மாதிரி. மேலே கசிவை நிறுத்தி, கீழே கெட்டியான பகுதி வரும்வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு போகத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பழசும் புதுசும் ஒட்டுவதற்கான பசையைத் தடவி, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பியே மெலிந்து போயிருந்தால் அது மேஸ்திரி முடிவு செய்கிற விஷயம் இல்லை, இன்ஜினீயர் வர வேண்டும்.

அடுத்து சுவர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம், கீழே இருந்து ஏறுகிற ஈரம். அதற்குமேல் வாட்டர்ப்ரூஃப் பட்டி, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் என்று எதை அடித்தாலும் ஈரம் இன்னும் கொஞ்சம் மேலே போய் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வெளியே போய்ப் பாருங்கள். சாக்கடை சுவரை ஒட்டிப் போகிறதா, பூந்தொட்டி வரிசையா, அல்லது நம் ஊர் வழக்கப்படி தெரு ஒவ்வொரு தடவையும் தார் மேல் தார் போட்டு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்விட்டதா. (பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.) தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது என்றால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே மண் நிரப்பித் தரையை உயர்த்தினால் நிலை, ஜன்னல், ஸ்விட்ச், சமையல் மேடை எல்லாமே தாழ்ந்துபோகும்.

விரிசல்களுக்கு ஒரு எளிய வழி. விரிசல் முடிகிற இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். கூரைத் தளத்துக்கு நேர் கீழே சுவரில் படுக்கையாக ஓடும் மெல்லிய விரிசல் நிறைய வீடுகளில் உண்டு, தளம் வெயிலில் விரிந்து சுருங்குவதால் வருவது. பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, நாளுக்கு நாள் அகலமாகிற விரிசல் அப்படியில்லை.

ஆசைப் பட்டியலும் கட்டாயப் பட்டியலும்

நோட்டில் எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: செய்யாவிட்டால் வீட்டுக்கு ஆபத்து, செய்தால் வாழ்வதற்குச் சுலபம், வெறும் ஆசை. கசிவு, கம்பி, ஒயரிங், கரையான் இதெல்லாம் முதல் வகை. இன்னொரு பாத்ரூம், சமையல் மேடை உயரம், அம்மாவுக்குக் கைப்பிடி, மேற்கத்திய கழிப்பறை இரண்டாவது வகை. ஃபால்ஸ் சீலிங், டிவி சுவரில் மரப்பலகை மூன்றாவது. கையில் இருக்கும் பணம் முதல் வகையிலேயே தீர்ந்துவிடலாம், தீர்ந்தால் தீரட்டும். சமையலறையைப் பற்றி யார் அங்கே தினமும் நிற்கிறார்களோ அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டுக்கு வந்துபோகிற மாமா இல்லை. வாஸ்து பார்க்கிற குடும்பம் என்றால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு அடுப்பை இடம் மாற்றச் சொன்னால் வாஸ்து புருஷனுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் செலவு.

இன்ஜினீயர் எப்போது, அனுமதி எப்போது

பழைய வீடுகள் பலவற்றில் பில்லர் கிடையாது, சுவரே பாரத்தைத் தாங்குகிறது. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கலாம் என்று நடுச் சுவரைத் தட்டினால் மேல் தளத்தின் பாரம் எங்கே போகும்? ஜாக்கி கொடுத்து, பீம் போட்டு, அதன் இரண்டு முனையும் எதில் உட்காரும் என்று கணக்குப் போட்டுத்தான் தொட வேண்டும். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன், அதைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது, அடியில் சுவரோ பீமோ போகிற இடத்தில் வைக்க வேண்டும். மாடி எடுக்கும் யோசனை இருந்தால் அஸ்திவாரத்தையும் பார்க்க வேண்டும். ‘நாங்க எத்தனை வீடு இடிச்சிருக்கோம், பயப்படாதீங்க சார்’ என்று சொல்கிறவரிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன். கட்டுமான இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வாங்கும் தொகை, மொத்தச் செலவில் கடுகளவு.

பெயின்ட், பூச்சு, டைல்ஸ், ஒயரிங் போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. ஓர் அறை கூட்டுவது, மாடி எடுப்பது, வீட்டின் பரப்பை நீட்டுவது என்றால் வேண்டும், சொத்து வரியும் மாறும். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி பெறலாம். உங்கள் வேலை அதில் வருமா என்று மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் ஒரு நடை. ஏசி, கீசர் எல்லாம் புதிதாக வருகிறது என்றால் பழைய மின்சுமை போதாது, கூட்டி வாங்க வேண்டியிருக்கும்.

காசுக் கணக்கு

மூன்று விதமாக வேலை விடலாம். சாமானோடு சேர்த்து மொத்தமாக, சாமான் நாம் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் காண்ட்ராக்ட், அல்லது நாள் சம்பளம். நாள் சம்பளம் சின்னச் சின்ன வேலைக்குச் சரி, பெரிய வேலைக்கு அது ரப்பர் மாதிரி இழுக்கும். மொத்தமாக விடுவது அலுவலகம் போகிறவர்களுக்குத் தோதாகத் தெரியும், ஆனால் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. என்னுடைய சிபாரிசு, கூலி காண்ட்ராக்ட். ஒயர், குழாய், சிமென்ட், வாட்டர்ப்ரூஃப் சாமான் இந்த நான்கையும் நீங்களே பில்லோடு வாங்குங்கள்.

மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேளுங்கள், ஆனால் மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். ஒருவர் கொத்துக்கூலியைச் சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் குப்பை அள்ளுவதைச் சேர்த்திருக்க மாட்டார், சாரம் யார் கட்டுவது என்று மூன்றாமவர் பேசியே இருக்க மாட்டார். கடைசித் தொகையை மட்டும் பார்த்துக் குறைவானவரைப் பிடித்தால் பாதி வேலையில் ‘அது நம்ம பேச்சில் இல்லையே சார்’ என்று வரும். பேச்சு முடிந்ததும் வெள்ளைத்தாளிலாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: என்னென்ன வேலை, எத்தனை பூச்சு, எந்தக் கலவை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22இல் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய எஸ்டிமேட்டை அப்படியே தூசி தட்டி நீட்டினால் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அளவைக் கடைக்காரரிடம் விடாதீர்கள், நாமே போட்டுப் பார்க்கலாம். 12க்கு 10 அடி அறை, 120 சதுர அடி. 2க்கு 2 அடி டைல்ஸ் ஒன்று 4 சதுர அடி, ஆக 30 டைல்ஸ். எல்லோரும் மறக்கிறது சுவரோரம் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங்கை. சுற்றளவு 44 அடி, 4 அங்குல உயரத்துக்கு வெட்டினால் ஒரு டைல்ஸில் 12 அடி ஓடும், அதற்கு 4. மொத்தம் 34, வெட்டிலும் உடைப்பிலும் போவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 38. பெட்டிக்கு 4 வீதம் 10 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். இரண்டு பெட்டி குறைகிறது என்று மறுபடி போனால் அதே நிறம் கிடைக்காது.

வந்த எஸ்டிமேட்டுக்கு மேல் 20 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள், அதை யாரிடமும் சொல்லாதீர்கள், முக்கியமாக மேஸ்திரியிடம். பழைய வீட்டை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது கட்டியவருக்கே தெரியாது. வங்கியில் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் வாங்குவதாக இருந்தால் ஒரு தகவல்: பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, தாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு, புதிய முறையில் அது கிடையாது.

எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகையில் பார்த்து எழுதுவது, மார்கழியில் பேசி முடிப்பது, தை பிறந்து ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஆரம்பிப்பது, இதுதான் நம் ஊர் மழைக்குப் பொருந்துகிற கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர்வரை இழுக்கும், அந்த மூன்று மாதத்தில் மொட்டை மாடியைத் திறந்து போடுவது தற்கொலை. சித்திரை வெயிலில் வேறு சிக்கல், பூசிய சுவர் சாயங்காலத்துக்குள் காய்ந்து வெடிக்கும். அதனால் க்யூரிங்கில் கறாராக இருங்கள், பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், கான்கிரீட்டுக்கு அதற்கும் மேல், ஈரச் சாக்கைப் போர்த்தினால் இன்னும் நல்லது. தண்ணீர் ஊற்றுவது நம் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் ஊற்றுவார்கள் என்று விட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள். ஆடித் தள்ளுபடியில் ஃபேன், குழாய், கதவுப் பூட்டு வாங்கி வைக்கலாம், சிமென்ட் வாங்கி வைக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் வலு குறையும்.

உடைக்கும்போது

எல்லாவற்றையும் உடைக்க வேண்டும் என்று இல்லை. பழைய தேக்கு நிலை, கதவு இருந்தால் சுரண்டிப் பாலிஷ் போடுங்கள், அந்த மரத்தை இன்றைக்கு அந்த விலைக்கு வாங்க முடியாது. காவித் தரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வைத்திருக்கிறவர்கள் அதை உடைத்து விட்ரிஃபைட் டைல்ஸ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் செய்வது, தேய்த்துத் துடைத்தால் பழைய பளபளப்பு வந்துவிடும்.

இரண்டு ஆபத்துகளை மேஸ்திரி சொல்ல மாட்டார். கொல்லைப்புறத்தில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைக்கவோ ரம்பம் போடவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள், இறக்குகிறவர் நல்ல மாஸ்க் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமல் பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வாரம் வீட்டில் இருக்க வேண்டாம்.

வேலை வரிசை

மொட்டை மாடி முதலில். நம் பழைய வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஜல்லி கெட்டியாக இருந்து ஓட்டு இடுக்கு மட்டும் போயிருந்தால் இடுக்கைச் சுரண்டித் திரும்ப அடைத்தால் போதும். ஜல்லியே ஊறிப் பொதபொதவென்று இருந்தால் தளம்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழசின் மேலேயே புது டைல்ஸை ஒட்டுவது சுலபமாகத் தெரியும், பாரமும் ஏறும், உள்ளே சிக்கிய ஈரமும் கீழேதான் இறங்கும். வாட்டம் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இருக்கட்டும், சுவர் மூலையைச் செங்குத்தாக விடாமல் கலவையை உருட்டிச் சாய்வாகக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், கீழே ஈரம் இல்லை என்றால்தான் அந்த வேலைக்கான பணம். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் தோண்டிய குழி இப்போது மண் மூடிக் கிடக்கும், அதையும் இந்தச் சாக்கில் தூர் வாரிவிடலாம்.

மாடி முடிந்த பிறகு சீலிங், அப்புறம் சுவர் இடிப்பதும் கட்டுவதும், அப்புறம் ஒயரிங்கும் குழாயும். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு நாள் சாக்பீஸோடு உட்காருங்கள். கட்டில் எங்கே, சார்ஜர் எந்தப் பக்கம், மிக்ஸி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே போகும் என்று சுவரிலேயே வரையுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 என்பது வழக்கமான ஒயர் அளவு. எர்த் இல்லாத பழைய இரண்டு துளை பிளக் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்கள், கைக்கு ஷாக் அடிக்கும்போது அணைவது அதுதான், எம்சிபி (சுமை மீறினால் அணையும் ஸ்விட்ச்) ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளை இல்லை. காடியை மேலிருந்து கீழாக வெட்டட்டும், பாரம் தாங்கும் சுவரில் குறுக்கே நீளமாக வெட்ட விடாதீர்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஒரு துண்டைக்கூட விட்டுவைக்காதீர்கள், பதிலுக்குப் பிளாஸ்டிக் குழாய், வெந்நீருக்கு சிபிவிசி வகை, குளிர்நீருக்கு யுபிவிசி வகை. பூசி மூடுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அதே நாளில் இன்ச் டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். பின்னால் படம் மாட்ட ட்ரில் போடும்போது இதன் அருமை தெரியும்.

பாத்ரூமில் ஒரு தந்திரம், குழாய் வேலை தொடங்குமுன் கிளாசெட்டை (கழிப்பறைப் பீங்கானை) வாங்கிவிடுங்கள். எஸ் ட்ராப்பா பி ட்ராப்பா, அதாவது கழிவுக் குழாய் தரையில் இறங்குவதா சுவருக்குள் போவதா, சுவரிலிருந்து 9 அங்குலமா 12 அங்குலமா என்பது கிளாசெட்டைப் பொறுத்தது. குழாயைப் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போனால் பிடித்தது எதுவும் பொருந்தாது. வாட்டர்ப்ரூஃப் பூச்சு தரையோடு நின்றுவிடக் கூடாது, சுவரில் ஓரடியும் ஷவர் பக்கம் ஆள் உயரமும் ஏற வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் கட்டி 48 மணி நேரம், அப்புறம்தான் டைல்ஸ். டைல்ஸ்காரர் ‘நாளைக்கு வேற சைட் இருக்கு’ என்று அவசரப்படுத்துவார், போகட்டும் விடுங்கள்.

கரையான் இருந்த வீடு என்றால் தரை போடுவதற்கு முன்னால் சுவரோரம் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து ஊற்றிவிட வேண்டும், தரை போட்ட பிறகு ஊற்றினால் புது டைல்ஸில் துளை.

தரை வேலையில் எல்லோரும் மறக்கிற விஷயம் உயரம். மொசைக்கின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் முக்கால் அங்குலமாவது ஏறும். கதவெல்லாம் அடியில் இழைக்க வேண்டும், மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும், பல வருஷமாக ஏறிப் பழகிய கால் அங்கே தடுக்கும். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு தடவை தடுக்கினார். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றொலி வந்தால் உடனே எடுத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

தச்சு வேலை அதற்கப்புறம், பெயின்ட் கடைசி. புதுப் பூச்சு ஒரு மாதமாவது காய்ந்த பிறகுதான் பட்டி பார்க்க வேண்டும்.

ஆட்களோடு

சனிக்கிழமைதோறும் கூலி கேட்பார்கள், அது நியாயம், அந்த வாரம் நடந்த வேலைக்குத் தக்கபடி கொடுங்கள். மேஸ்திரி தன் மகள் காதுகுத்துக்கு என்று முன்பணம் கேட்டால் மனசு இளகும், ஆனாலும் நடந்த வேலையைத் தாண்டிப் பணம் போகக் கூடாது. பணம் முன்னால் போய்விட்டால் ஆள் பின்னால் போய்விடுவார். சித்தாள்களுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர், மதியம் படுக்க நிழல் கொடுங்கள், பத்து மணி டீயைக் கணக்குப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே போய், ‘ரெண்டு மாசம் சத்தமா இருக்கும், கோச்சுக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை. இடிபாட்டைத் தெருமுனையில் கொட்டாமல் மாநகராட்சி சொல்லும் இடத்துக்கு அனுப்புவதும் காண்ட்ராக்டில் எழுதப்பட்டிருக்கட்டும்.

வீட்டில் குடியிருந்துகொண்டே வேலை பார்ப்பதா? ஓர் அறை, ஒரு பாத்ரூம் என்றால் சமாளிக்கலாம். மொத்த வீடு என்றால் இரண்டு மாத வாடகைக்கு வேறு வீடு பார்த்துவிடுங்கள். சோற்றில் தூசி விழுந்து நடக்கிற சண்டையோடு ஒப்பிட்டால் வாடகை மலிவு.

முடிந்தது என்று சொன்னதும் கடைசித் தொகையில் 10 சதவீதத்தை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதியிருந்தீர்கள் என்றால், இப்போது சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்க் குறையுள்ள இடத்தில் வட்டம் போடுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள், எல்லா ஸ்விட்சையும் போடுங்கள், ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி ஓட்டைக்குப் போகிறதா வாசலுக்கு வருகிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து வட்டங்கள் அழிந்ததும் அந்த 10 சதவீதம். மிச்சமான டைல்ஸ் பெட்டியைக் கழிவில் போடாமல், பேட்ச் எண் தெரிகிற மாதிரி பரணில் ஏற்றி வையுங்கள். எங்கள் ஹாலில் உடைந்த அந்த இரண்டுக்குப் பதில் இன்றுவரை வேறு வெள்ளைதான் இருக்கிறது, சோஃபாவை அதன்மேல் இழுத்துப் போட்டிருக்கிறோம்.